சிங்கப்பூரின் வங்கிக் கோபுரங்களுக்கு அடியில் என்ன இருந்தது?

சிங்கப்பூர் வணிக வட்டாரம் முன்பு வெறும் சதுப்பு நிலமாகத்தான் கிடந்ததா, முதல் பிரதமர் லீ குவான் யூ வந்த பிறகு முப்பதே ஆண்டுகளில் இந்தக் கோபுரங்கள் எல்லாம் எழுந்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை மாற்றலாகி அங்கே போகப்போவதால், பழைய தடயம் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே முன்பு என்ன இருந்தது என்பது ஒன்று. இருந்ததை யார், எந்த வழியில் அப்புறப்படுத்தி இன்றிருப்பதைக் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆவணங்கள் ஏராளம், தைரியமாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் பாதி சட்டம், பாதி அரசியல், கொஞ்சம் அதிர்ஷ்டம். நான் நகரத் திட்டமிடல் படித்தவன். அந்த வட்டாரத்தில் கட்டடத் திட்டப் பணிகளில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நிலம், கட்டடம், குழாய், சாலை பற்றி நம்பிச் சொல்வேன். வங்கித் தொழில் என் துறை இல்லை. அது வருமிடங்களில் படித்தறிந்ததைச் சொல்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுப்பு என்பது உண்மைதான். ஆனால் அது 1960களின் கதை அல்ல, 1820களின் கதை. 1822இல், அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழு ஒன்றை நியமித்தார். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் பெயரால் அறியப்படும் நகர வரைபடம் அப்போது உருவானது. சிங்கப்பூர் ஆற்றின் வடகரை அரசுக் கட்டடங்களுக்கு, தென்கரை வணிகத்துக்கு என்று பிரித்தார்கள். தென்கரையோ கடல் ஏறினால் மூழ்கும் சேறு. பக்கத்திலிருந்த ஒரு குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிக் கரையை மேடாக்கினார்கள். குன்று இருந்த இடம் கமர்ஷியல் ஸ்குவேர் ஆனது. 1858இல் அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாற்றினார்கள். மேடாக்கிய கரைதான் போட் கீ. கடலோரத்தை நிரப்பி அதன்மேல் வியாபாரத்தை உட்கார வைப்பது அந்த ஊரின் பிறவிப் பழக்கம் என்றே சொல்லலாம். 1864இல் காலியர் கீ கடற்சுவர் வந்தது. 1880களில் தெலுக் ஆயர் விரிகுடாவை நிரப்பினார்கள். இன்றைய ராபின்சன் ரோடும் சிசில் ஸ்ட்ரீட்டும் போகும் பகுதி அந்த நிரப்பலில் வந்தது. 1930களில் இன்னும் கொஞ்சம் கடலை நிரப்பிய இடத்தில், ஆளுநர் ஷென்டன் தாமஸின் பெயரில் பிறகு ஷென்டன் வே போட்டார்கள். ஆகவே ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து தெற்கே நடந்தால் ஒவ்வொரு சாலையும் ஒரு காலத்துக் கடற்கரை. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்காவும் தியான் ஹொக் கெங் கோயிலும் வரிசையாக நிற்பது இதனால்தான்: கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி செலுத்தக் கடலைப் பார்த்துக் கட்டியவை. இன்று அவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு முழு வணிக வட்டாரமே நிற்கிறது.

இந்த வட்டாரத்தின் முதல் நூறு ஆண்டுகளில் நம்மவர்களின் பங்கைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிய தோணிகளைத் தொடக்கத்தில் ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள், அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அந்தத் தொழில் சீனர்களின் கைக்குப் போய்விட்டது. தெருவின் பெயராக சூலியா ஸ்ட்ரீட் மட்டும் நின்றது. அதற்கு ஒட்டினாற்போல் மார்க்கெட் ஸ்ட்ரீட். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. கிட்டங்கி என்றால் தனித்தனி அறைகள் கொண்ட அலுவலகம் இல்லை. உள்ளே நீண்டு போகும் ஒரே கூடம். இரு பக்கச் சுவரோரமும் ஒவ்வொரு விலாசத்துக்கும் (செட்டியார் நிறுவனத்தை அப்படிச் சொல்வார்கள்) சில அடி இடம், முன்னால் ஒரு தாழ்ந்த கணக்குப் பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டகம், பேரேடு அடுக்கிய அலமாரி. மேலாள் பாய்மேல் அமர்ந்து கடன் பேசுவார், அடுத்தாள் கணக்கு எழுதுவார், பெட்டியடிப் பையன் ஓடியாடி வேலை பார்ப்பான். மாடியில் படுக்கை, ஒரே சமையல். ஐரோப்பிய வங்கிகள் சீண்டாத சிறு சீன வணிகர்களுக்கும், மலாயாவில் ஈயம் தோண்டியவர்களுக்கும், ரப்பர் போட்டவர்களுக்கும் கடன் போனது இந்தக் கூடங்களிலிருந்து. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஆங்கில வங்கிகளும் ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் போன்ற பெரிய கடைகளும்; நாலடி தள்ளி மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பாய் விரித்த வங்கிகள். நிதி மையம் என்ற பெயர் வருவதற்கு நெடுநாள் முன்பே நிதி அங்கே இருந்தது.

இனி 1960களுக்கு வருவோம். அப்போது அங்கே சதுப்பு இல்லை, நெரிசல் இருந்தது. மத்தியப் பகுதி முழுக்க இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள்: முகப்பு பதினாறு, இருபது அடி, நீளம் அதைப்போலப் பல மடங்கு. கீழே கடை, மேலே பலகைத் தடுப்பு போட்ட சிறு சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். ஜன்னலே இல்லாத அறைகளும் உண்டு. இது இப்படியே கிடந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் வந்தபோது, 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். அதற்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகை உறைந்துவிட்டது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. அன்றைக்கு அது தேவையான சட்டம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காணாது என்று உரிமையாளர் பராமரிப்பைக் கைவிட்டிருந்தார். முதன்மை வாடகைதாரரோ மேல்மாடியைத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு, புதிதாக வருபவரிடம் ‘டீ காசு’ என்று ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார். ஒரு கோபுரம் கட்ட இப்படிப்பட்ட மனைகள் இருபது முப்பதைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் ஓர் உரிமையாளர், சில நேரம் ஒரு பரம்பரையே பங்காளிகள். அவர்களுக்குக் கீழே கிளப்ப முடியாத வாடகைதாரர்கள், அவர்களுக்குக் கீழே உள்வாடகைக்காரர்கள். எவ்வளவு பெரிய முதலாளி வந்தாலும் பேசி முடிக்கிற விவகாரமில்லை இது. அங்கே கட்டடம் எழாததற்கு முதல் காரணம் பணத் தட்டுப்பாடு அல்ல, நிலம் துண்டு துண்டாகக் கிடந்ததுதான் என்று நான் திட்டமாகச் சொல்வேன்.

முடிச்சு அவிழ்ந்தது இரண்டு சட்டங்களால். 1966இல் வந்த நிலக் கையகப்படுத்தும் சட்டம் முதலாவது. பொதுத் தேவை என்று அரசு அறிவித்தால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். பொதுத் தேவை என்பதற்குள் வீடமைப்பு, தொழிற்பேட்டை, வணிக வளர்ச்சி எல்லாம் அடங்கும். கடுமையான பகுதி 1973இல் செய்த திருத்தம். 1973 நவம்பர் 30ஆம் தேதி இருந்த விலை, அறிவிப்பு நாளில் இருக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. சாலையும் சாக்கடையும் அரசு போட்டதால் ஏறிய விலை உரிமையாளரின் உழைப்பு இல்லை, அதை ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அரசின் வாதம். அந்தத் தேதியைப் பிறகு சில தடவை முன்னால் நகர்த்தினார்கள். முழுச் சந்தை விலை தருவது என்று மாறியது 2007இல்தான். 1960இல் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1985இல் அது 76 விழுக்காடு. கடலை நிரப்பிச் சேர்த்ததும் இதில் உண்டு என்றாலும், பெரும்பங்கு இந்தச் சட்டத்தின் வேலை.

இரண்டாவது சட்டம் அதிகம் பேசப்படாதது, ஆனால் உங்கள் கேள்விக்கு இதுதான் நேர்ப் பதில். 1969இல் வந்த கட்டுப்பாட்டுக் கட்டடங்கள் சிறப்பு விதிச் சட்டம். ராஃபிள்ஸ் பிளேஸைச் சுற்றிய பகுதிக்கு மட்டும் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியது அது. வரைபடத்தில் காலணி போலத் தெரிந்ததாலும் விலை கொழுத்த இடம் என்பதாலும் ‘கோல்டன் ஷூ’ என்று அந்தப் பகுதியைக் குறிப்பிடுவார்கள். புதிதாகக் கட்டப்போகிறேன் என்று உரிமையாளர் காட்டினால், இழப்பீட்டு வாரியம் நிர்ணயிக்கும் தொகையைக் கொடுத்து வாடகைதாரரை வெளியேற்றலாம். தீவின் மற்ற இடங்களில் வாடகைக் கட்டுப்பாடு தொடர்ந்தது, முற்றாக ஒழிந்தது 2001இல். சில தெருக்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டு ஒரு வணிக வட்டாரத்துக்கு வழிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளியேறியவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் இந்த அலையில்தான் இடிபட்டன. ஒன்றரை நூற்றாண்டு ஒரே தெருவில் நடந்த தொழில் அது. கலைந்த பிறகு பழைய வடிவில் வேறெங்கும் திரும்பவில்லை.

நிலம் கையில் வந்தபின் என்ன செய்தார்கள் என்பதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குள் நகர மறுசீரமைப்புக்கென்று ஒரு பிரிவை 1960களில் தொடங்கினார்கள். ஆலன் சோ அதன் முதல் தலைவர். 1974இல் அது தனி அமைப்பாக, இன்றைய நகர மறுசீரமைப்பு ஆணையமாக ஆனது. அரசே கோபுரம் கட்டி வாடகைக்கு விடவில்லை. சேர்த்த நிலத்தை மனைகளாக்கி, 1967 முதல் ஏலக்குத்தகை முறையில் விற்றது. விற்றது என்றால் 99 ஆண்டுக் குத்தகை. நிலம் கடைசிவரை அரசுடையது. எத்தனை மாடி, என்ன பயன்பாடு, நடைபாதை எங்கே, எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வாங்கிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க வழியில்லை. தொடக்கச் சுற்றுகளில் கட்டுநர்களிடம் பணம் இல்லாததால் மனை விலையைத் தவணையில் கட்டவும் சொத்து வரியைக் குறைக்கவும் இடம் கொடுத்தார்கள். கறாரான நிபந்தனையும் தாராளமான தவணையும் ஒன்றாக வந்த இந்தக் கலவைதான் அதன் வெற்றி என்பது என் கருத்து. மற்ற ஊர்கள் ஏலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலக்கெடுவை விட்டுவிடுகின்றன.

கட்டடம் தயார், உள்ளே யார் வருவது? இங்கே நான் கொஞ்சம் தயக்கத்தோடு பேசுகிறேன். உறுதியாகத் தெரிந்தவை இவை: 1968இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் துணையோடு ஆசிய டாலர் சந்தை, அதாவது அமெரிக்க டாலர் வைப்புகளை ஆசியாவிலேயே வாங்கிக் கடன் கொடுக்கும் சந்தை, தொடங்கியது. வெளிநாட்டவர் வைப்புத்தொகையின் வட்டிக்குப் பிடித்த வரியை அரசு நீக்கியது. அதே ஆண்டு டிபிஎஸ் வங்கி பிறந்தது, ஹொன் சுய் சென் அதன் முதல் தலைவர். 1971இல் மத்திய வங்கியின் வேலையைப் பார்க்கும் சிங்கப்பூர் நாணய வாரியம் வந்தது. இதோடு சேர்த்து எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பொருளியல் ஆலோசகராக இருந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ் லண்டனில் ஒரு வங்கியாளரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவர் உலக உருண்டையைக் காட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ மூடிய பிறகு ஐரோப்பா திறக்கும்வரை உலகில் பணச் சந்தை எதுவும் இல்லை, அந்த இடைவெளியை நீங்கள் பிடியுங்கள் என்றாராம். சந்திப்பு நடந்திருக்கலாம். ஆனால் அதே நேர வட்டாரத்தில் ஹாங்காங் இருந்தது, சிங்கப்பூரைவிடப் பணக்கார ஊர். வெளிநாட்டு நாணய வைப்புகளின் வட்டிக்கு ஹாங்காங் 1982வரை வரி பிடித்துக்கொண்டிருந்தது. 1965 முதல் பல ஆண்டுகள் புதிய வங்கி உரிமங்களையும் நிறுத்தி வைத்திருந்தது. சிங்கப்பூரின் வெற்றியில் எவ்வளவு பங்கு முன்னோக்கு, எவ்வளவு பங்கு அண்டைவீட்டுக்காரர் கதவைச் சாத்தியிருந்தது என்பதை அளந்து சொல்ல முடியாது. நான் பின்னதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடை கொடுப்பேன்.

கோபுரங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றுலாக் கையேடுகள் அதைத்தான் சொல்லும். 1976இல் ஐ. எம். பெய் வடிவமைத்த ஓசிபிசி சென்டர், சுமார் 198 மீட்டர். கால்குலேட்டர் மாதிரி இருப்பதால் ஊரார் அப்படியே பெயர் வைத்தார்கள். 1986இல் கென்சோ டாங்கேயின் ஓயூபி சென்டர், 1992இல் யூஓபி பிளாசா, 1995இல் கிஷோ குரோகாவாவின் ரிபப்ளிக் பிளாசா. பிந்தைய மூன்றும் சுமார் 280 மீட்டர். பார்த்தால் மூன்று முதலாளிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கும்; பாய லேபார் விமானத் தளத்தால் வந்த உயர வரம்பு அது. நகரின் வானவிளிம்பு தட்டையாகத் தெரிகிறதே என்று போட்டோ எடுப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வதற்குக் காரணம் விமானப் பாதைதான்.

கோபுரங்களைவிட அவற்றைச் சுற்றி நடந்தவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஆறு அப்போது சாக்கடை. படகுப் பட்டறை, தெருக்கடைக் கழிவு, மேற்பகுதிப் பன்றிப் பண்ணைகள் எல்லாம் அதில்தான். 1977இல் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார், 1987இல் முடித்தார்கள். நடுவில், 1983இல், தோங்காங் எனும் சரக்குப் படகுகள் அனைத்தையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1972இலேயே தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்துவிட்டதால் படகுக்காரர்களின் தொழில் எப்படியும் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் போட் கீயின் உயிர் ஒரே ஆண்டில் காலியானது. கார்களுக்கும் கடிவாளம் போட்டார்கள்: 1975 ஜூன் முதல், காலை நெரிசல் நேரத்தில் மத்தியப் பகுதிக்குள் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுமதிச் சீட்டு. உலகில் இப்படி நெரிசலுக்குக் காசு வாங்கிய முதல் நகரம் அதுதான். 1998இல் அது மின்னியல் சாலைக் கட்டணமானது. 1987 டிசம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பெருவிரைவு ரயில் வந்தது. இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு லண்டனின் கேனரி வார்ஃப் வணிக வட்டாரம் சாட்சி. அங்கே கோபுரத்தை முதலில் எழுப்பினார்கள். ஜூபிலி ரயில்பாதை நீட்டிப்பு 1999இல்தான் வந்தது. அதற்குள், 1992இலேயே, கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் திவாலாகிவிட்டது.

மரினா பேக்கு இப்போது வருகிறேன். நீங்கள் படத்தில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். 1970களில் நிரப்பத் தொடங்கிய நிலம், மொத்தம் சுமார் 360 ஹெக்டேர். என்ன கட்டப்போகிறோம் என்று தீர்மானமாகத் தெரியாமலேயே நிரப்பினார்கள். 1983இல் கென்சோ டாங்கேயிடமும் ஐ. எம். பெய்யிடமும் தனித்தனியே யோசனை கேட்டார்கள். அதற்குப் பிறகும் மரினா சவுத்தின் பெரும்பகுதி இருபது வருடம் புல் முளைத்துக் கிடந்தது. 1990களில் அங்கே போனவர்களுக்கு நினைவிருப்பது ஸ்டீம்போட் உணவகங்களும் பவுலிங் அரங்கும் பூங்காவும்தான். விலைமதிப்பில் உச்சத்தில் இருந்திருக்கக்கூடிய நிலத்தில் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள்! எந்தத் தனியார் முதலாளியாலும் இப்படிக் காத்திருக்க முடியாது, வட்டி தின்றுவிடும். காத்திருந்ததில் பொறியியல் லாபமும் உண்டு. அடியில் இருப்பது கடற்களிமண், மணலைக் கொட்டியதும் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கும். 2004 ஏப்ரலில், மரினா பேக்குச் சற்று வடகிழக்கே, நிகோல் நெடுஞ்சாலையோரம் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். தாங்கு சட்டங்களின் வடிவமைப்புப் பிழைதான் முக்கியக் காரணம் என்றாலும், அந்தக் களிமண் பிழையை மன்னிக்காது என்று எல்லோருக்கும் உறைத்த நாள் அது.

கட்டத் தொடங்கியபோது முதலில் போட்டது கோபுரத்தின் அடித்தளம் இல்லை, பொதுச் சேவைச் சுரங்கம். சாலைக்கு அடியில் ஆட்கள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய கான்கிரீட் பெட்டி. மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, தண்ணீர்க் குழாய், குளிர்நீர்க் குழாய் எல்லாம் அதன் சுவரோரம் அடுக்கு அடுக்காகத் தாங்கிகளில் போகும். ஒரு கம்பி மாற்ற வேண்டுமானால் ஊழியர் உள்ளே இறங்கி மாற்றிவிட்டு வருவார். மேலே தார்ச்சாலையைக் கிழிக்க வேண்டியதில்லை. குளிர்நீரை ஒரே இடத்தில் தயாரித்துப் பல கோபுரங்களுக்கு அனுப்புவதால் கட்டடத்துக்குக் கட்டடம் தனிக் குளிரூட்டும் ஆலை வேண்டாம், மொட்டைமாடியும் மிச்சம். எங்கள் வேலையில் பாதிச் சச்சரவு பழைய சாலைக்கடியில் யாருடைய குழாய் எங்கே போகிறது என்று தெரியாததால் வருவது. அந்தத் தலைவலியே இல்லாத தெருவில் வேலை பார்ப்பது தனிச் சுகம். 2005இல் மரினா பே நிதி மையத்துக்கான 3.55 ஹெக்டேர் மனையை ஏலம் விட்டபோது இன்னொரு புதுமை செய்தார்கள். முழு மனையின் விலையையும் ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை. முதல் கட்டத்தைக் கட்டிவிட்டு, மீதியைச் சில ஆண்டுகளுக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். 2008 நிதி நெருக்கடியின் நடுவே அந்தத் திட்டம் நிற்காமல் போனதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது. 2010இல் முதல் கோபுரங்கள் திறந்தன. அதே ஆண்டு மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலும் வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு மரினா அணை கட்டி விரிகுடாவையே நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். கோபுரங்களின் நிழல் விழுகிற அந்த நீர் இன்று குடிநீர் ஆதாரங்களில் ஒன்று.

அப்படியானால் லீ குவான் யூ ஒருவரா? ஆற்றுக்குக் கெடு வைத்தவர், நிலச் சட்டத்துக்கு அரசியல் பொறுப்பேற்றவர் அவர்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பொருளியல் வியூகம் நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீயுடையது. 1963இல் வந்து ஆலோசனை சொன்னது ஏப்ரம்ஸ், கோபே, கோனிக்ஸ்பர்கர் என்ற மூவர் அடங்கிய ஐநா குழு. செய்து முடித்தது ஊர் பேர் தெரியாத அளவையாளர்களும் குத்தகை எழுத்தர்களும். அந்த மூவர் குழு ஒன்று சொன்னது: எல்லாவற்றையும் இடிக்காதீர்கள், பாதுகாக்க வேண்டியது, பழுதுபார்க்க வேண்டியது, புதிதாகக் கட்ட வேண்டியது என்று பிரியுங்கள். முதல் இருபது ஆண்டுகளில் மூன்றாவதையே பெரும்பாலும் செய்தார்கள். போட் கீ, சைனாடவுன் போன்ற பகுதிகளைப் பாதுகாப்பு வட்டாரமாக 1989இல் அறிவித்தார்கள், அதற்குள் நிறையப் போய்விட்டது. எல்லா இடத்தையும் அப்போதே காப்பாற்றியிருந்தால் இந்த வணிக வட்டாரம் வந்திருக்குமா என்று என்னைக் கேட்டால், ராஃபிள்ஸ் பிளேஸைச் சுற்றி வந்திருக்காது என்பேன். மரினா சவுத் அந்தக் காலத்திலேயே நிரம்பிக்கொண்டிருந்ததால், அங்கே போயிருக்கலாம். இந்த வாதம் நிபுணர்களிடையே இன்னும் முடியவில்லை.

இப்போதைய நிலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகும் நேரத்தில் அங்கே பாதி இடம் தகரத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும். அலுவலகத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கட்டியதால், மாலை ஏழு மணிக்கு மேல் ஷென்டன் வே வெறிச்சோடிவிடும். 1991இலேயே தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ் என வட்டார மையங்களுக்கு அலுவலகங்களைப் பரப்பத் திட்டமிட்டார்கள். மத்தியப் பகுதியின் ஆளில்லாத இரவு அதனால் தீரவில்லை. 2019இல் ஒரு ஊக்கத் திட்டம் வந்தது: ஆன்சன் ரோடு, சிசில் ஸ்ட்ரீட், ஷென்டன் வே போன்ற இடங்களில் பழைய அலுவலகக் கட்டடத்தை வீடும் ஹோட்டலும் கலந்ததாக மாற்றினால் கூடுதல் தளப்பரப்பு தருவோம் என்று. அதனால் 1986இல் முடிந்த, சுமார் 235 மீட்டர் உயரமுள்ள ஒரு வட்டக் கோபுரத்தையே, முதலில் கருவூலக் கட்டடமாக இருந்து கடைசியில் ஆக்சா டவர் என்ற பெயரில் நின்றதை, இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 300 மீட்டரைத் தாண்டும் கோபுரம் வரத் திட்டம். நாற்பது ஆண்டுகூட ஆகாத கட்டடத்தை இடிப்பது பொருளாதாரக் கணக்கில் சரியாக வரலாம். அதில் புதைந்த கான்கிரீட்டின் கரிமக் கணக்கைப் போட்டால் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய தடயம் கேட்டீர்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்காவில் தொடங்குங்கள். அங்கிருந்து லாவ் பா சாட், 1894இல் கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்பு வரவழைத்துக் கட்டிய சந்தை. ரயில் சுரங்கம் தோண்டுவதற்காக 1986இல் துண்டு துண்டாகக் கழற்றி, பிறகு திரும்ப மாட்டினார்கள். அங்கிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட். கிட்டங்கியின் செங்கல் ஒன்றுகூட இல்லை. 1984இல் வந்த கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடமும் போய், அந்த இடத்தில் 2021இல் 280 மீட்டர் கேபிட்டா ஸ்பிரிங் நிற்கிறது. அதன் இரண்டு மூன்றாவது மாடிகளில் உணவங்காடி நிலையம் இருக்கிறது, மதியக் கூட்டத்துக்கு முன் போய்விடுங்கள். செட்டியார்கள் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் உண்டு, அது சற்றுத் தள்ளி, ரயிலில் போகலாம். மேக்ஸ்வெல் ரோட்டில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காட்சிக்கூடத்தில் மத்தியப் பகுதி முழுவதன் பெரிய மாதிரியுரு வைத்திருக்கிறார்கள். நடந்து முடித்த பிறகு அங்கே போய், நீங்கள் நடந்த தெருக்களில் பழைய கடற்கரை எது என்று தேடிப் பாருங்கள்; வேறு ஏதாவது சந்தேகம் வந்தால் எழுதுங்கள்.